இருபத்தொன்றரை கிலோ புள்ளாயி

உங்கள் வீட்டு வெள்ளாட்டை எப்போதாவது தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிற அன்றைக்கு வியாபாரி வந்து விலாவில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார், அதோடு சரி. மற்ற நாளில் ஆட்டின் எடை ஆட்டுக்கே தெரியாது. தெரியாமல் இருக்கிறவரைக்கும் ஆட்டுக்கு நல்லது. எப்படி என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

ஒரு காட்டில் புள்ளாயி என்று ஒரு வெள்ளாடு இருந்தாள். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. ஈன்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஒற்றைக் குட்டி, மொட்டு என்று பெயர். பாலைத் தவிர வேறு ருசி தெரியாத வாய். காலையில் பால் கொடுத்து, குட்டியைக் கூடைக் குடாப்புக்குள் விட்டுக் கவிழ்த்துவிட்டு மேயப் போவாள். மடி நிறைந்ததும் திரும்பி வந்துவிடுவாள். மடிதான் அவளுக்குக் கடிகாரம்.

அந்த வாரம் காட்டில் 'போதையில்லாக் காடு' வாரம் கொண்டாடினார்கள். ராஜாவின் உத்தரவு. சனிக்கிழமை காலை எல்லா விலங்குகளும் மைதானத்தில் வந்து நின்று, வலது முன்னங்காலைத் தூக்கி உறுதிமொழி எடுக்க வேண்டும். புள்ளாயியும் போனாள். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று காலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். உறுதிமொழியை வாசித்தவர் கரடிக் காண்ட்ராக்டர் கருமேகம். "போதையைத் தொட மாட்டேன், தொடுகிறவரை விட மாட்டேன்" என்று அவர் வாசிக்க வாசிக்க எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கரடிக்கு ஏன் அந்த மரியாதை என்றால், மேடைப் பந்தலும் மைக்செட்டும் அவர் செலவு.

கூட்டம் கலைந்தபோது புள்ளாயிக்குக் காது அடைக்கிற பசி. வீட்டுக்குப் போகிற வழியில்தான் கரடியின் தோட்டம். சுற்றிலும் முள்வேலி. வேலிக்கு மேலே ஒரு கிளை பச்சைப்பசேல் என்று பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளாடு இலையிடம் ஊர் பேர் விசாரித்தா தின்னும்? ஆடாதொடை ஒன்றைத் தவிர அவளுக்கு எல்லாம் தழைதான். இரண்டே வாய் கடித்தாள்.

"ஏய்! அப்படியே நில்லு!"

திரும்பினால் செந்நாய் இன்ஸ்பெக்டர். கூடவே ஸ்டேஷன் ரைட்டர் உடும்பு, கக்கத்தில் பேப்பர் கட்டோடு. அவர்கள் வந்த காரணம் வேறு. வாரம் முடிவதற்குள் ஸ்டேஷனுக்கு ஒரு கேஸாவது காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அன்றைக்குத்தான் வாரக் கடைசி. ஒரு கேஸும் இல்லை. என்ன செய்வது என்று யோசிக்க, கரடி வீட்டுக்குத் தேன் சாப்பிட வந்தார்கள்.

"வாயில என்ன?"

"இலைங்க ஐயா."

"என்ன இலை?"

"பச்சை இலைங்க."

உடும்பு பக்கத்தில் வந்து மோந்து பார்த்தது. நாக்கை இரண்டு தரம் நீட்டி இழுத்துக்கொண்டது. "ஐயா, சரக்குங்க ஐயா. கஞ்சாவேதான்."

இன்ஸ்பெக்டர் முகம் பூவாக மலர்ந்தது. பிறகுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ஆள் உயரத்துக்கு அதே செடி, ஒன்றரை ஏக்கர், காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கரடி நின்றார். பார்த்தபிறகு கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டார்.

"காண்ட்ராக்டரே, இது என்ன பயிர்?"

"பயிரா? இது வேலிங்க" என்றார் கரடி. "காத்துக்குத் தடுப்பா நட்டது."

"ஒன்றரை ஏக்கருக்குமா வேலி?"

"ஆமாங்க. வெளிய முள்வேலி, உள்ள செடிவேலி."

"அப்போ வேலிக்கு நடுவுல என்ன பயிர் வச்சிருக்கீங்க?"

"பயிர் இன்னும் வைக்கலீங்க. மொதல்ல பாதுகாப்பு, அப்புறந்தான வெள்ளாமை?"

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். 'முன்னெச்சரிக்கையுள்ள விவசாயி' என்று உடும்பு எழுதிக்கொண்டது. ஆட்டைப் பிடித்த இடத்திலேயே மகஜர் எழுத வேண்டும், அதற்கு ஒரு கண்ணியமான சாட்சி வேண்டும். சாட்சிக் கையெழுத்தைக் கரடியே போட்டுக் கொடுத்தார். பேனாவும் அவருடையதுதான்.

"ஐயா, நான் போகணும். பிள்ளை குடாப்புல கிடக்கான். மடி கட்டிருச்சு பாருங்க" என்றாள் புள்ளாயி.

"சின்ன விஷயந்தான். வந்து ஒரு எடை மட்டும் போட்டுட்டுப் போ" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் சொன்னதிலும் பொய்யில்லை. அந்தக் காட்டுச் சட்டத்தில் எல்லாம் எடைதான். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் சின்ன அளவு, திட்டி அனுப்பிவிடலாம். இருபது கிலோவுக்கு மேலே என்றால் வியாபார அளவு. பத்து வருஷம், ஜாமீன் கிடையாது. புள்ளாயி தின்றது நூறு கிராம் இருந்தால் அதிகம்.

ஆனால் ஸ்டேஷனில் ஒரு சிக்கல் வந்தது. பறிமுதல் செய்த பொருளைத் தராசில் வைக்க வேண்டும். பொருள் ஆட்டுக்குள்ளே இருக்கிறது.

"வெளிய எடுத்துத்தான் நிறுக்கணும்" என்றது உடும்பு.

"எப்படி எடுப்ப? எடுத்தா ஆடு செத்துரும், குற்றவாளி இல்லாத கேஸ் ஆயிரும். சாக்குல இருக்கிற சரக்கை எப்படி நிறுக்கிறோம்?"

"சாக்கோடதான் ஐயா."

"அப்போ இதையும் சாக்கோட நிறு."

நிறுத்தார்கள். இருபத்தொன்றரை கிலோ.

"அடேயப்பா!" என்றார் இன்ஸ்பெக்டர். "வியாபார அளவு!"

மறுநாள் பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுவில், உடும்பு இடப்பக்கம், முன்னால் மேஜைமேல் இருபத்தொன்றரை கிலோ சரக்கு, அதாவது புள்ளாயி. 'சிரிக்காதே' என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் நின்றாள்.

அன்றிலிருந்து அவள் நிலைமை இரண்டும் கெட்டதாகிவிட்டது. குற்றவாளியும் அவள்தான், பறிமுதல் பொருளும் அவள்தான். கழுத்தில் அரக்கு வைத்துச் சீல் போட்டுக் கொட்டடியில் கட்டினார்கள். பழக்கதோஷத்தில் அசை போட்டாள்.

"நிறுத்து! சாட்சியத்தைக் கலைக்கிறியா?" என்று பாய்ந்தது உடும்பு.

ஆடு அசை போடாமல் எப்படி இருக்கும்? அது போகட்டும், அடுத்ததைக் கேளுங்கள். அவள் போட்ட புழுக்கையும் பறிமுதல் பொருள்தானே? உடும்பு பின்னாலேயே தொன்னையோடு அலைந்து, ஒவ்வொரு புழுக்கையையும் தனித்தனிக் கவரில் போட்டு, தேதி எழுதி, சீல் வைத்தது. சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் அரக்கு தீர்ந்துபோனது.

திங்கட்கிழமை கோர்ட். நீதிபதி ஆமை ஐயா. ரொம்ப நியாயமானவர். சுலபமான கேள்வி என்றால் கழுத்தை நீட்டி உடனே பதில் சொல்வார். கஷ்டமான கேள்வி என்றால் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். புள்ளாயிக்கு இலவச வக்கீலாகக் கரிச்சான் குருவியைக் கொடுத்திருந்தார்கள். பிறவியிலேயே கறுப்புக் கோட்டு, பின்னால் இரட்டை வால்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் தின்றது இரண்டு வாய். அதாவது நூறு கிராம்" என்றது கரிச்சான்.

"எந்த நூறு கிராம்னு வக்கீல் தொட்டுக் காட்டட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "காலா? கொம்பா?"

கரிச்சான் புள்ளாயியை மேலும் கீழும் பார்த்தது.

புள்ளாயி தானே பேசினாள். "ஐயா, என்னை எங்க வேணா கட்டிப்போடுங்க. என் பிள்ளையை மட்டும் ஒரு நேரம் கொண்டுவரச் சொல்லுங்க. பால் குடிச்சு ரெண்டு நாளாச்சு."

"ஆட்சேபம்!" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "பால் எதுல இருந்து ஊறுது? உள்ள இருக்கிற பொருள்ல இருந்து. அதைக் குட்டிக்குக் கொடுத்தா, பதினெட்டு வயசு ஆகாதவருக்குப் போதைப்பொருள் விநியோகம். அதுக்குத் தனியா பத்து வருஷம்."

ஆமை ஐயா புள்ளாயியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மெதுவாகக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாய்தா. ஒரு வாரம்."

கொட்டடியில் பக்கத்துக் கம்பிக்குப் பின்னால் பொதியன் என்று ஒரு முயல் இருந்தான்.

"என்ன கேஸு தம்பி?" என்று கேட்டாள் புள்ளாயி.

"காதுல ஒரு இலை ஒட்டியிருந்துச்சு அக்கா."

"எத்தனை நாளாச்சு?"

"நாலு வருஷம். தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்டிருந்தா ஆறு மாசத்துல விட்டிருப்பாங்களாம். பண்ணலைன்னு சொல்லிட்டேன். அதான் விசாரிச்சுக்கிட்டே இருக்காங்க."

அவனுக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று முயல்கள். எல்லாம் காது கேஸ்.

மறுநாள் கரிச்சான் பறந்து வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. புள்ளாயி சட்டம் எதையும் கேட்கவில்லை. "பிள்ளையைப் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். பக்கத்து வீட்டுச் செம்மறி, தன் குட்டிக்குப் போக மிச்சம் இருந்தா கொடுக்கிறா."

"மிச்சம் இருக்குதா?"

கரிச்சான் வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. "ஒரு நல்ல சேதி. முந்தாநாள் பூராவும் கத்திக்கிட்டே இருந்தான். இன்னிக்குச் சத்தமே இல்லை. சமாதானமா படுத்திருக்கான்."

வக்கீலுக்குச் சட்டம் தெரியும், குட்டி தெரியாது. கத்துகிற குட்டிக்குப் பயப்பட வேண்டாம். கத்தாத குட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். புள்ளாயிக்கு அது தெரியும். அழுதால் ஆகுமா? யோசித்தாள்.

"வக்கீலய்யா, இருபது கிலோவுக்கு மேல போனாத்தான வியாபாரம்?"

"ஆமா."

"நான் இருபதுக்குக் கீழ வந்துட்டா?"

கரிச்சானின் இரண்டு வாலும் விறைத்து நின்றன. "ஜாமீன்!"

அன்றிலிருந்து புள்ளாயி வாயைக் கட்டினாள். தண்ணீர் மட்டும். தின்னாவிட்டால் பால் வற்றிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே போகாவிட்டால் பால் இருந்து என்ன, வற்றி என்ன? இரண்டில் ஒன்றைத்தானே பார்க்க முடியும்! மடி சுருங்கச் சுருங்க, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மனசுக்குள் விரல்விட்டு எண்ணினாள். ஆட்டுக்கு விரல் ஏது, குளம்பைத்தான் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் உடும்பு வாய்தாவுக்கு முன்னால் பறிமுதல் பொருளைச் சரிபார்க்க வந்தது. தராசைப் பார்த்ததும் அதற்கு நாக்கு உள்ளே போகவில்லை.

"ஐயா! ஓடி வாங்க! பத்தொன்பதேகால்தான் இருக்கு!"

கரிச்சான் சொன்னதுபோல் ஜாமீன் என்று யாரும் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தலையில் கையை வைத்தார். "சீல் வச்ச சரக்குல ரெண்டேகால் கிலோ குறையுதா? நாம எடுத்து வித்துட்டோம்னுல சொல்லுவாங்க! மேல இருந்து விசாரணை வந்துரும்!"

"எப்பவும் எழுதுற மாதிரி எலி தின்னுருச்சுன்னு எழுதிரட்டுமா ஐயா?"

"யோவ் ரைட்டரே, மூட்டையை எலி தின்னுச்சுன்னா ஒத்துக்குவாங்க. உசிரோட நிக்கிற ஆட்டை எலி தின்னுச்சுன்னா ஆமைகூடச் சிரிக்கும்யா. எழுதின எடை எழுதினதுதான். ஆட்டைத் தேத்து. நாளான்னிக்கு வாய்தா."

தேற்றத் தழை வேண்டும். காடு பூராவும் தழை. ஆனால் ஸ்டேஷனுக்குத் தழை வாங்க உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும், அதற்கு ஒரு படிவம் வேண்டும், அந்தப் படிவம் அச்சில் இருக்கிறது. உடும்பு தலையைச் சொறிந்துகொண்டே சுற்றிப் பார்த்தது. பக்கத்து ரிக்கார்டு அறையில் பழைய கேஸ் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"கரையானுக்குப் போறது ஆட்டுக்குப் போகட்டும்" என்று ஒரு கட்டை உருவிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டது.

புள்ளாயி வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் காகிதத்தின் பசை வாசனை மூக்கில் ஏறியது. சுவரொட்டி தின்று வளர்ந்த ஆட்டுக்குப் பசை வாசனை என்றால் நமக்கு நெய்ப்பணியாரம் மாதிரி. ஐந்து நாள் பட்டினி வேறு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தின்றால் எடை ஏறும், எடை ஏறினால் ஜாமீன் போகும்.

"தின்னலைன்னா, சரக்கை வேணும்னே குறைச்சேன்னு இன்னொரு கேஸ்" என்று சொல்லிவிட்டு உடும்பு டீ குடிக்கப் போனது.

அப்போது பக்கத்துக் கம்பியிலிருந்து பொதியன் கூப்பிட்டான்.

"அக்கா... அந்தக் கட்டு மேல ஒரு கால் ரேகை இருக்குதா பாருங்க. சின்னதா, ஒரு விரல் மடங்கி..."

பார்த்தாள். இருந்தது.

"அது என் கேஸு அக்கா. வேற நகல் கிடையாது. அந்தக் கட்டு இல்லேன்னா நான் எதுக்கு உள்ள இருக்கேன்னு இந்த ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே பாதி மறந்துபோச்சு."

"அதுக்கு?"

"கொஞ்சம் மேஞ்சிருங்க அக்கா."

புள்ளாயி அவனைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். தன் மடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஓரத்தில் ஒரு கடி கடித்தாள். மகஜர் கொஞ்சம் உப்பாக இருந்தது. சாட்சி வாக்குமூலம் சப்பென்று இருந்தது. வாய்தா தாள்கள் எல்லாம் ஒரே ருசி. கட்டியிருந்த சிவப்பு நாடா மட்டும் கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கியது.

உடும்பு திரும்பி வந்து பார்த்தது. கட்டு காலி. துள்ளிக் குதித்தது. "ஐயா! தின்னுது ஐயா!"

"அப்படின்னா ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டு ஏன்யா அலையுற? அந்த ரூமுக்குள்ளயே கட்டிப்போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

கட்டினார்கள். ஆட்டைக் கொண்டுபோய்க் காகிதக் கிடங்கில் கட்டிய ஸ்டேஷனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கயிறும் நீளமாக விட்டிருந்தார்கள். புள்ளாயி கால் ரேகை பார்த்துப் பார்த்து முயல் கட்டாகத் தேடி மேய்ந்தாள். பதின்மூன்று கட்டு. கடைசியில் தலை நிமிர்ந்தால், உடும்பின் மேஜைமேல் புதுக்கட்டு ஒன்று. பசை இன்னும் ஈரம் காயவில்லை. அட்டையில் பிளந்த குளம்பு ரேகை. தன் குளம்பு தனக்குத் தெரியாதா?

ஒரு நிமிஷம் தயங்கினாள். கேஸ் கட்டைத் தின்றால் என்ன தண்டனையோ? பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ரெண்டு வாய் தழைக்கே பத்து வருஷம். இதைத் தின்னா என்ன, பதினொண்ணா?"

சாவகாசமாகத் தின்றாள். கரடியின் சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் தேன் வாசனை அடித்தது.

வாய்தா அன்று காலையில் எடை போட்டார்கள். சரியாக இருபத்தொன்றரை. இன்ஸ்பெக்டர் உடும்பின் முதுகில் தட்டிக்கொடுத்தார். இருவரும் புள்ளாயியை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் காது குடாப்பு இருக்கிற திசையிலேயே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"எங்கே கட்டு?" என்றார் ஆமை ஐயா.

உடும்பு தன் கக்கத்தைத் தடவியது. இன்ஸ்பெக்டரின் கக்கத்தையும் தடவியது. பிறகு புள்ளாயியின் வயிற்றைப் பார்த்தது. வயிறு நல்ல கம்பீரமாக இருந்தது.

"ஐயா, கட்டு பத்திரமா இருக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"எங்கே?"

"குற்றவாளிக்குள்ளங்க."

"குற்றவாளி எங்கே?"

"அது... பறிமுதல் பொருளா நிக்குதுங்க."

"பொருள் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?"

"கட்டுலங்க."

ஆமை ஐயா கழுத்தைப் பாதி உள்ளே இழுத்தார். எல்லாரும் இன்னொரு வாய்தா என்று நினைத்தார்கள். புள்ளாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கழுத்து திரும்ப வெளியே வந்தது. இது சுலபமான கேள்வி என்று அவருக்குப் பட்டுவிட்டது. காகிதம் இல்லை. காகிதம் இல்லையென்றால் குற்றம் இல்லை, குற்றவாளி இல்லை, பொருளும் இல்லை. அப்படியானால் எதிரே நிற்பது என்ன?

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நன்றாகப் பார்த்தார்.

"கோர்ட்டுக்குள்ளே ஆடு எப்படி வந்தது?" என்று அதட்டினார். "யார் ஓட்டிவிட்டது? விரட்டுங்கள்!"

இப்படியாகப் புள்ளாயிக்கு நியாயம் கிடைத்தது. விடுதலை என்று ஒருவரும் சொல்லவில்லை. 'ஹேய்' என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அது போதும். நாலு கால் பாய்ச்சலில் போனாள். அன்று மத்தியானம் கொட்டடியைக் கணக்கெடுத்தபோது பதினான்கு முயல்களுக்கும் காகிதம் இல்லை. "ஸ்டேஷனுக்குள்ளே முயல் வளை வைத்திருக்கிறதா?" என்று அவர்களையும் விரட்டிவிட்டார்கள். பொதியன் வாசல்வரை போய்விட்டு, பழக்கத்தில் திரும்பி உள்ளே வரப் பார்த்தான். உடும்புதான் வாலால் ஓர் அடி போட்டு அனுப்பியது.

புள்ளாயி குடாப்பைக் கொம்பால் புரட்டினாள். மொட்டு எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நக்கினாள். மூக்கால் நெம்பினாள். அவன் முன்னங்காலை ஊன்றினான், விழுந்தான், திரும்ப ஊன்றினான். மடியில் வாயை வைத்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு முட்டு முட்டினான். வரவில்லை. வற்றிவிட்டதோ? புள்ளாயி பின்னங்காலை அகட்டிக்கொண்டு நின்றாள். மொட்டு கோபத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்து ஓங்கி ஒரு முட்டு முட்டினான். வால் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. பதினைந்து கேஸ் கட்டும் பாலாக இறங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால், 'உண்மை ஒருநாள் வெல்லும்' என்று நானும் ஒரு வரி எழுதிவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் புள்ளாயி வீட்டு வாசலில் யாரோ செருமினார்கள்.

கரடிக் காண்ட்ராக்டர். கையைக் கட்டிக்கொண்டு, உறுதிமொழி வாசித்த அதே குரலில், ஆனால் சன்னமாகப் பேசினார்.

"தாயீ, சௌக்கியமா? என் பேர்ல அடுத்த காட்டுல ஒரு பழைய கட்டு இருக்கு. லாரி விஷயம். எட்டு வருஷமா தட்டிக்கொடுத்துத் தூங்கவச்சிருக்கேன். என்னிக்காவது எந்திரிச்சிருமோன்னு பயமா இருக்கு. கொண்டாந்துட்டேன்..."

அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றார். மேலிடத்து விசாரணைக் கட்டு அவர் கக்கத்தில். அவருக்குப் பின்னால் உடும்பு. அதற்கும் பின்னால் காட்டின் கண்ணியவான்கள் எல்லாம், ஆளுக்கொரு கட்டோடு, ஆற்றங்கரைவரை வரிசை. ஆமை ஐயாவும் நேற்றே கிளம்பிவிட்டாராம், இன்னும் வந்து சேரவில்லை.

புள்ளாயி வாசலில் நின்று வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே மொட்டு வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பால் கொடுக்கிறவளுக்குப் பசி தெரியும். அதுவும் காலைப் பசி. கட்டுகளைப் பார்த்தாள். நல்ல தடிமன். பெரிய இடத்துக் கட்டு, பசையும் தாராளமாகத்தான் போட்டிருப்பார்கள்.

"சத்தம் போடாம வரிசையில வாங்க, பிள்ளை தூங்குறான்" என்றாள். பிறகு நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டே கரடியிடம் கேட்டுக்கொண்டாள்: "அண்ணே, அந்த நாடாவை மட்டும் உருவிட்டுக் குடுங்க. பல்லுல மாட்டுது."

நீதி: இரண்டு வாய் தின்றால் குற்றவாளி, கட்டோடு தின்றால் கண்ணியவான். ஆகையால் குழந்தைகளே, தயவுசெய்து தினமும் இரண்டு வேளை பல் துலக்குங்கள்.